கடைக்கதவுப் பலகையில் ஒரு கிடார்

என் கிடாரைச் சித்தப்பா உடைத்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். கடையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக என் அறைக்குள் போனார். கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லில் துணியை அடிப்பதுபோலத் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். மூன்று அடி. முதல் அடியில் ஆறு கம்பியும் ஒன்றாக அலறின. மூன்றாவது அடியில் உடல் நாலைந்து துண்டாகச் சிதறியது. தண்டு மட்டும் அவர் கையில் மிச்சம் இருந்தது. அதை முருங்கை மரத்தடியில் விட்டெறிந்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்.

என் அம்மா அவருக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அப்பா பக்கத்து இலையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "ரசம் ஊத்தட்டுமா" மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டை கடைவீதியில் எங்களுக்கு இரும்புக்கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி, தச்சு சாமான். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ்ஸில் வந்து வாங்கிப் போவார்கள். அப்பா மூத்தவர், ஆனால் கடையின் வாய் சித்தப்பாவுடையது. கடையில் பேசிப் பேசி அந்த வாய் வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். என்ன காய் வாங்குவது என்பதிலிருந்து நான் எந்தக் காலேஜில் படிப்பது என்பதுவரை சித்தப்பா சொல்வதுதான்.

மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். எங்கள் காலேஜில் பெண்களே நடத்திய மெல்லிசைக் குழு ஒன்று இருந்தது. அதில் எலக்ட்ரிக் கிடார் வாசித்த அக்கா வெளிநாடு போகும்போது தன் கிடாரை எனக்கு விற்றுவிட்டுப் போனாள். மூன்று வருஷ உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கினேன். அந்த வீட்டில் நானே தேர்ந்து நானே வாங்கிய பொருள் அது ஒன்றுதான். படிப்பு முடிந்து அதோடு வீட்டுக்கு வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபையர் கிடையாது, அதனால் வாசித்தால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் கேட்கும். அதுவரை அவர்களுக்குத் தொந்தரவில்லை.

பிறகு விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல என் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்தாள். "இது என்னது?" என்றாள். "கிடார். நான் வாசிப்பேன்" என்றேன். சிரித்தாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்: மேடையில ஆடுற பொண்ணெல்லாம் எங்க குடும்பத்துக்குச் சரிப்படாது. அந்தச் செய்தி கடைக்கு வந்தது மத்தியானம் ஒரு மணிக்கு. சித்தப்பா வீட்டுக்கு வந்தது ஒன்றேகாலுக்கு.

அன்று சாயங்காலம் துண்டுகளைப் பொறுக்கினேன். தண்டு பிழைத்திருந்தது. அதை உடலோடு சேர்ப்பது நாலு திருகாணிதான், திருகாணிகள் பிய்த்துக்கொண்டு வந்ததால் தண்டு முறியவில்லை. கம்பிகளை முறுக்கும் ஆணிகள் ஆறும் இருந்தன. கம்பி அதிர்வதை வாங்கிக் கரண்டாக மாற்றுகிற காந்தச் சுருள்கள், பிக்கப் என்பார்கள், இரண்டும் ஓடு விரிசலோடு கிடந்தன. கம்பிகள் கீழே தங்குகிற இரும்புப் பாலம் கல்லிடுக்கில் கிடந்தது. உடைந்த உடலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பளபளவென்ற சிவப்புப் பெயிண்டுக்கு உள்ளே இருந்தது வெறும் பிளைவுட். இதற்கா இவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அதன்மேலும் ஆத்திரம் வந்தது.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"போனது நல்லதுக்குன்னு நெனைச்சுக்க" என்றாள். "சித்தப்பா கோவத்துல ஒரு நியாயம் இருக்குமில்ல."

"எனக்குக் கோவம் வந்தா அதுலயும் நியாயம் இருக்குமா?"

"பொம்பளைக்கு எதுக்குடி கோவம்?"

பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, துண்டுகளைச் சேர்த்துவைத்து, பென்சிலால் சுற்றிவர வரைந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நானே ஒன்று செய்வது என்று முடிவுசெய்தேன். உடைத்தவரின் கண் முன்னாலேயே செய்ய வேண்டும். அந்த எண்ணத்தில் சங்கீதம் எதுவும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

மரம் கொல்லையிலேயே இருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் கடைக்கு இரும்பு ஷட்டர் போட்டிருந்தார்கள். அதுவரை பலகைக் கதவு. ஏழடி உயரம், அரை முழம் அகலம், ஓரங்குலம் கனம் உள்ள தேக்குப் பலகைகள், ஒவ்வொன்றாக நிலையின் காடிப் பள்ளத்தில் செருகி மூடவேண்டும். வரிசை மாறாமல் இருக்கத் தாரில் ஒன்று முதல் பதினொன்றுவரை எண் எழுதியிருக்கும். ஷட்டர் வந்தபிறகு அவற்றை விறகுக்கு என்று மாட்டுக்கொட்டகையில் சாய்த்துவைத்திருந்தார்கள். நான் நாலாம் எண் பலகையை இழுத்து முற்றத்தில் போட்டேன்.

தென்னை மட்டை அறுக்கிற துருப்பிடித்த ரம்பம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. இரும்புக்கடைக்காரர் வீட்டில் ஒழுங்கான ரம்பம் கிடையாது. அதை வைத்து அறுத்தேன். பாதி அறுத்தபோது பலகைக்குள் முறிந்து கிடந்த ஆணியில் ரம்பம் மாட்டி நாலு பல் போய்விட்டது. வெட்டு கோணிக்கொண்டு போனது. அந்தப் பலகையை ஒதுக்கிவிட்டு, மறுநாள் காலை கடைக்குப் போனேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போக மாட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு வேண்டுமென்றாலும் பையன் யாராவதுதான் கொண்டுபோவான். நான் படியேறியபோது சித்தப்பா வீரசோழனிலிருந்து வந்திருந்த ஒரு பாய்க்குக் கீல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"கை ரம்பம் ஒண்ணு, முக்கால் இஞ்ச் உளி ஒண்ணு, கால் இஞ்ச் ஒண்ணு, மர அரம் ஒண்ணு, உப்புத்தாள் ரெண்டு நம்பர்ல" என்றேன்.

சித்தப்பாவின் முகம் கறுத்தது. "வீட்டுக்குப் போ. வந்து பேசிக்கிருவோம்."

"யாவாரத்துக்கு வந்துருக்கேன். காசு கொண்டாந்துருக்கேன்."

வாடிக்கையாளர் முன்னால் அவரால் கத்த முடியாது. கத்தினால் மதிப்புப் போய்விடும். அந்த மதிப்புக்காகத்தானே என் கிடாரை உடைத்தார். கையில் கிடைத்த உளி ஒன்றை எடுத்து மேஜைமேல் தட்டென்று போட்டார். பாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது மட்டச் சரக்குல்ல. ரெண்டு அடிக்கு முனை மடங்கிப்போகும். எனக்குப் போனதடவ குடுத்தீகளே, அதுல எடுத்துக் குடுங்க பிள்ளைக்கு."

சித்தப்பா நல்ல உளியை எடுத்துக் கொடுத்தார். அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்ததும் மறுபடியும் தராசுக்குத் திரும்பிவிட்டார்.

ஏழாம் எண் பலகையை எடுத்தேன். முதலில் பழைய பிளேடால் மேலெல்லாம் சுரண்டி, உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். காடிக்காகச் செதுக்கியிருந்த ஓரங்களை அறுத்துத் தள்ளினேன். ஒன்றரை அடி நீளத்தில் நாலு துண்டு. இரண்டு இரண்டாகப் பக்கத்தில் ஒட்டி, அந்த இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால்தான் வேண்டிய கனம் வரும். பக்கங்கள் ஒன்றோடொன்று படிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. எனக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டில் இரவல் வாங்கிய இழைப்புளியால் இழைப்பேன், பிடித்துப் பார்ப்பேன், மறுபடியும் இழைப்பேன். அதற்கே நாலு நாள்.

ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்கக் கிடுக்கி இல்லை. கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு கம்பைச் செருகி முறுக்கினேன். மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன், அதன்மேல் ஆட்டுக்கல்லின் குழவி. அம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மியக் குடு, சட்னி அரைக்கணும்" என்றாள்.

"நாளைக்குத்தான்."

"உங்க சித்தப்பா சட்னி கேப்பாரு."

"கேக்கட்டும்."

அன்று வீட்டில் சட்னி இல்லை. பொடிதான். அந்த வீட்டில் என் முடிவால் ஒரு வேளைச் சாப்பாடு மாறியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

வளைவுகளை அறுப்பது பெரும்பாடு. கை ரம்பம் நேராகத்தான் போகும். அதனால் பென்சில் கோடுவரை அரையங்குலத்துக்கு ஒரு வெட்டாக வரிசையாக வெட்டிவிட்டு, நடுவில் நிற்கிற பற்களை உளியால் தட்டி எடுத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல் மனசுக்குள் வந்தது. மேடையில ஆடுற பொண்ணு. தட்டு. நல்லதுக்குன்னு நெனைச்சுக்க. தட்டு. எழுதக் கூடாத சொற்களும் வந்தன. மத்தியானம் முழுக்கச் சத்தம் வீடு பூராவும் கேட்கும். கேட்கட்டும் என்றே பலமாகத் தட்டினேன்.

ஆத்திரத்தில் வேலை கெட்டது. தண்டு உட்காரும் பள்ளத்தைத் தோண்டும்போது, அன்று காலை சித்தப்பா ஏதோ சொல்லியிருந்தார், அதை நினைத்துக்கொண்டே தட்டியதில் பள்ளம் ஒரு பக்கம் அகன்றுவிட்டது. தண்டை வைத்தால் ஆடியது. ஆடினால் சுருதி நிற்காது. மெல்லிய சீவல் ஒன்றைச் செதுக்கிப் பக்கத்தில் ஒட்டிச் சரிசெய்தேன். அதற்கு அடுத்த நாள் உளி வழுக்கி இடது கை கட்டைவிரலடியில் ஆழமாக இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று தையல். ஊசி போட்ட நர்ஸ், "என்னம்மா, அரிவாள்மணையா?" என்றாள். "உளி" என்றேன். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல மறுபடியும் கேட்டாள்.

அந்த வாரமே பாளையம்பட்டியிலிருந்து இன்னொரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா மருதாணி அரைத்துக்கொண்டு வந்தாள்.

"வலது கையில வை. உளி பிடிச்ச காய்ப்பெல்லாம் தெரியாது. இடது கையச் சேலைக்குள்ள மறைச்சுக்க."

"மறைக்க மாட்டேன்."

"ஒரு மணி நேரம்தானடி."

"ஒரு மணி நேரம் மறைச்சா அப்புறம் ஆயுசு பூராவும் மறைக்கணும்."

வந்தார்கள். காப்பித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா என் இடது கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "கையில என்ன காயம்?" சித்தப்பா முந்திக்கொண்டு, "காய் நறுக்கையில பட்டுருச்சு" என்றார். "இல்ல, மரம் செதுக்கையில உளி பட்டுருச்சு" என்றேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்தான், அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். அவனுடைய அம்மா காப்பியைப் பாதியில் வைத்தாள்.

அவர்கள் போனதும் சித்தப்பா கொல்லைக்கு வந்தார். நான் அரத்தால் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து உடலைத் தூக்கினார். தேக்கு, கனமாக இருந்தது. அவர் எதிர்பார்க்காத கனம் என்பது தூக்கிய விதத்திலேயே தெரிந்தது.

"இதையும் உடைக்க எனக்கு எம்புட்டு நேரமாகும்?"

அரத்தை நான் கீழே வைக்கவில்லை. "உடைங்க" என்றேன். "இன்னும் ஒம்பது பலகை கெடக்கு. உளி இருக்கு. நீங்க உடைக்க உடைக்கச் செஞ்சுக்கிட்டே இருப்பேன். யாருக்கு மொதல்ல கை வலிக்குதுன்னு பாப்போம்."

அவர் என்னையே பார்த்தார். அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. சமையலறை வாசலில் அம்மா நின்றாள், அவளுக்குப் பின்னால் சித்தி, நடைக்குள் அப்பா. சித்தப்பா உடலைக் கீழே வைத்தார். போட்டார் என்று சொல்ல முடியாது, வைத்தார். அப்பாவைப் பார்த்து, "உங்க மகளுக்கு நீங்களாச்சு" என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போனார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை வாசலில் ஒரு மாட்டுவண்டி. மீதிப் பலகைகள் ஒன்பதையும் செங்கல் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை வண்டிக்காரர் பிடித்திருந்தார். மறுமுனையை என் அப்பா பிடித்திருந்தார்.

"அப்பா" என்றேன்.

"வீட்டுல சண்டை வேணாம்மா" என்றார். பலகையை விடாமலேயே சொன்னார்.

சித்தப்பா உடைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடியும். அவர் அப்படிப்பட்ட ஆள். ஆனால் என் அப்பா ஒன்பது தடவை குனிந்து நிமிர்ந்ததை நான் வாசலில் நின்று எண்ணினேன். அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வேலை நிதானமானது. தப்பினால் வேறு மரம் இல்லை. பிக்கப்புகளுக்கான குழிகளைக் கால் இஞ்ச் உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். கம்பியின் பாதி நீளம் தண்டில் பதித்த பன்னிரண்டாவது உலோகக் கட்டின்மேல் விழ வேண்டும் என்பது படித்த இயற்பியல். கம்பி தொடங்குகிற இடத்திலிருந்து அந்தக் கட்டுவரை நூல் பிடித்து அளந்து, அந்த நீளத்தை இரட்டித்துப் பாலத்துக்கு இடம் குறித்தேன். மூன்று தடவை அளந்தபிறகுதான் துளை போட்டேன். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, தாரும் அழுக்கும் போய், தேக்கின் வரிகள் எழும்பின. பின்பக்கம் ஏழாம் எண்ணின் தார் மரத்துக்குள் இறங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வார்னீஷ் அடித்தேன்.

கடைவீதி ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஈயம் வைத்தார். எங்கள் வீட்டுப் பழைய வால்வு ரேடியோவின் பின்னால் ரெக்கார்ட் பிளேயருக்கு ஒரு துளை உண்டு, அதில் செருகினால் கேட்கும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்று சாயங்காலமே ரேடியோவை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைத் திறந்து வைத்து, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டு வாசித்தேன். முதலில் ஒரு உறுமல். பிறகு தடித்த கம்பி பேசியது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அழகாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஒரே மூன்று சுரங்களைச் சேர்த்துத் திரும்பத் திரும்ப அடித்தேன். அது அரை மணி நேரம் போயிருக்கும். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிற சத்தம் நடுவில் கேட்டது.

அடுத்த இரண்டு வருஷத்தில் நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அறை எடுத்துத் தங்கினேன். கிடாரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். என் கல்யாணத்தைப் பிறகு நானே பார்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மதுரை. மாப்பிள்ளை கீபோர்டு வாசிப்பவன், அவன் அப்பா சங்கீதம் என்றால் உருகுகிறவர். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சித்தப்பா என்னைக் கை காட்டினார்.

"எங்க வீட்டுலயும் சங்கீதம் உண்டு சம்பந்தி. எங்க அண்ணன் மக, எலக்ட்ரிக் கிடாரே சொந்தக் கையில செஞ்சிருக்கு. நம்ம கடைக்கதவுப் பலகையில. உளி, அரம் எல்லாம் நான் எடுத்துக் குடுத்ததுதான்."

"அப்படியா!" என்றார் சம்பந்தி.

அப்பா புன்னகையோடு தலையாட்டினார். "சின்ன வயசுலருந்தே அதுக்குக் கைவேலை நல்லா வரும்."

"அதுக்கு முந்தி இருந்த கிடார உடைச்சது யாருன்னும் சொல்லுங்க சித்தப்பா" என்றேன்.

சம்பந்தி, "என்னம்மா சொல்றீங்க?" என்றார். சொன்னேன். துவைக்கிற கல், விருதுநகர்க் குடும்பம், செங்கல் சூளைக்குப் போன வண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்.

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "அதெல்லாம் பழைய கதை. இன்னுமா மனசுல வச்சிருக்க?"

அப்பா என் பக்கம் குனிந்து, "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்.

"இந்த வாயத்தான் நான் அன்னைக்கு எதிர்பார்த்தேன்" என்றேன்.

நிச்சயம் நின்றுபோகவில்லை. நின்றுவிடும் என்று பயந்தார்கள். சம்பந்தி ஒரு நிமிஷம் சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நிச்சயமான தங்கச்சி, சித்தப்பா மகள், மட்டும் அன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். அது உன் வெளையாட்டுச் சாமான், நீயே கீழ போட்டு உடைஞ்சு போச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்காக" என்றாள். வீட்டுக்குள்ளேயே என்னைப் பற்றி ஒரு பொய்க்கதை இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சித்தப்பா ஆள் அனுப்பினார். வரவேற்பில் நான் கிடார் வாசிக்க வேண்டுமாம், சம்பந்தி வீட்டார் ஆசைப்படுகிறார்களாம். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணத்தன்று கிடார் இல்லாமல் போய், தங்கச்சிக்கு ஒரு சேலை கொடுத்து, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் நரிக்குடிக்குத் திரும்பினேன். மறுநாள் எட்டாம் வகுப்புக்கு ஒலி அலைகள் பாடம் இருந்தது.